நல்லூருக்கு அனுப்பியது எந்தப் பெண்ணை?

ஊசி போடுவது நர்ஸ் வேலை, ஊசி போடும்போது ஆளை அமுக்கிப் பிடிப்பது ஆயா வேலை, அப்போது விழுகிற உதையை வாங்கிக்கொள்வதும் ஆயா வேலைதான். நான் ஆறு வருஷமாக வாங்குகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைகள் இருக்கிற பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக். முன்னால் இரண்டு பெஞ்சு, உள்ளே ஒரு கட்டில், பின்பக்கம் கை கழுவும் இடம். நர்ஸ் ஸ்டெல்லா, ஆயா நான். என் பெயர் அஞ்சலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், டாக்டரம்மா நோயாளிகளுக்குச் சொல்லும்போது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதுதான். நீங்களும் என்றைக்காவது இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருமுகிறவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் பெஞ்சின் நுனிக்கே வந்திருப்பீர்கள். அதனால் என் கவலை உங்களுக்குப் புரியும்.

கடலூர்க் கரையில் சுனாமி வந்துபோன மறு வருஷம் பங்குனியில் அந்தக் கவலை எனக்குத் தலைக்கு மேல் போனது. என் இளைய பெண் கவிதா முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். கம்மாபுரத்தில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய், ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நானோ நாள் முழுக்க நோய்க்கு நடுவில் நிற்கிறவள். எந்தக் கிருமியைப் புடவையில் முடிந்து கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற ஒரே நினைப்புத்தான்.

நாலு சோப்பு

கவிதா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றிலிருந்து நான் கை கழுவ ஆரம்பித்தேன். கிளினிக்கில் ஒரு சோப்பு, கிளம்பும்போது வாசல் குழாயில் ஒரு சோப்பு, வீட்டுத் தொட்டியில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. நோயாளி சில்லறை கொடுத்தால் அதையும் கழுவுவேன். ஒரு பெரியவர் அவருடைய டோக்கனை நான் கழுவியதைப் பார்த்துவிட்டு, அதில் இருந்த நம்பர் அழிந்துபோனதற்குச் சண்டைக்கு வந்தார்.

இரண்டு மாதத்தில் என் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அஞ்சலை, கிருமி உள்ளே வராம முதல்ல தடுக்கிறது தோலுதான். அதுல கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கணும். நீங்க அதையும் சுரண்டி எடுத்துட்டா இந்த வெடிப்பு வழியா நேரா உள்ள போயிடும். நோயாளியைத் தொட்டா கழுவுங்க. ஜன்னலைத் தொட்டா எல்லாம் வேணாம்” என்று சொல்லி, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். ஸ்டெல்லா மருந்து பாட்டிலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “திருடன் வருவான்னு பயந்து செவுத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சே ஓட்டை போட்டுட்டீங்கக்கா.”

வேக வேண்டாமா

பொம்மைச் சூளையில் தீ பார்க்கிற மேஸ்திரி ஒருவர், பெயர் கோவிந்தசாமி. காலையில் காய்ச்சல் கண்டது, மத்தியானம் கிளினிக்கில் நின்றார். வந்ததுமே, “பெரிய ஊசியாப் போட்டு இப்பவே எறக்கிடுங்கம்மா, நாளைக்கு சூளை மூட்டணும்” என்றார். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன். சாதாரண சளிக் காய்ச்சல்தான். “காய்ச்சல் உங்க எதிரி இல்லீங்க. உள்ள வந்திருக்கிற கிருமிக்குச் சூடு ஒத்துக்காது. அதனால ஒடம்பே தீயை ஏத்தி வெச்சிருக்குது. ரொம்ப ஏறினா இந்த மாத்திரையைப் போடுங்க, தண்ணி நெறைய குடிங்க, மூணு நாள்ல சரியாகலைன்னா வாங்க” என்று அனுப்பினார். ஊசி போடாத டாக்டரை அவருக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் வாசலில் செருப்பைத் தேடினார்.

அதற்குள் பெஞ்சில் இருந்த இன்னொரு ஆள், “என்னா டாக்டரு இது, என் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் அடிச்சு அரை நாள் ஆவுது, ஊசி போட்டு அமத்தாம பேசிக்கிட்டே இருக்கறாங்க” என்று சத்தம் போட்டார். கோவிந்தசாமி ஒரு காலில் செருப்போடு திரும்பி வந்தார். அவர் கண் சிவந்து, உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த ஆளின் தோளில் கை வைத்துச் சொன்னார்: “சூளையை மூட்டின அரை நாள்ல கதவைத் தொறன்னு சொல்ற மொதலாளி மாதிரியே பேசறியே தம்பி, உள்ள வேக வேணாமா?”

வெள்ளை ஏறிய ரத்தம்

ராஜேந்திரன் என்று ஒருவர். பட்டறையில் பொம்மைக்கு மண் கரைக்கிறவர். தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் எப்போதும் மாவு அப்பிய மாதிரி வெள்ளையாக இருக்கும். தாடை வீங்கி வந்தவரை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். போனவர் மூன்று நாள் ஆளையே காணோம். நாலாம் நாள் மனைவியோடு வந்தார். அந்தம்மா அழுது அழுது முகமே ஊதியிருந்தது. பரிசோதனை செய்த இடத்தில், “வெள்ளை அணு கூடுதலா இருக்குது, டாக்டரைப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். “பதினெட்டு வருஷமா வெள்ளை மண்ணுலயே கெடக்கறேன் டாக்டரம்மா. மூக்கு வழியா போயிப் போயி இப்ப ரத்தத்துலயே கலந்துடுச்சு” என்றார். மனைவி மூன்று நாளாக அவருக்குச் சோறு, தயிர், பால், இட்லி எதுவுமே கொடுக்கவில்லை. பீட்ரூட்டும் தக்காளியும் மட்டும் கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்தான், மூக்கில் துணி கட்டாமல் வேலை செய்யக் கூடாது, ஆனால் இது அது இல்லை என்று நிதானமாகச் சொன்னார். “வெள்ளை அணுன்னா உங்க ஒடம்போட காவல்காரங்க. உங்களுக்குக் கடைவாய்ப் பல்லுல சீழ் வெச்சிருக்குது. அதை அடக்க அதிகமா ஆள் கெளம்பி வந்திருக்காங்க. அவ்வளவுதான். பல்லை எடுத்துட்டா தானா கொறைஞ்சுடும்.” மனைவி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார். ராஜேந்திரன் சிரிக்கவில்லை. எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து நின்றார். “அப்போ ரோட்டுக்கு அந்தாண்ட செங்கல் சூளையில இருக்கிறவனுங்களுக்கு செவப்பு கூடியிருக்கும்னு நான்தான் சொன்னேன், ஏழு பேரு டெஸ்ட்டு எடுக்கப் போயிட்டானுங்களே.”

முகத்தைத் திருப்பாதே

எனக்குச் சீழ் ஆகாது. ஆறு வருஷத்திலும் பழகவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து மும்தாஜ் என்று ஒரு பெண் கெண்டைக்காலில் பெரிய கட்டியோடு வந்தாள். வீட்டுக்காரர் சவூதியில். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். டாக்டரம்மா கட்டியைக் கீறினார். நான் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பஞ்சை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகவேகமாகத் துடைத்தேன்.

வலியிலும் அவள், “இது எங்கேர்ந்து டாக்டரம்மா இவ்வளவு வருது?” என்று கேட்டாள். “வெளியிலேர்ந்து வரலைம்மா. முள்ளு குத்துன வழியா கிருமி உள்ள போயிருக்குது. உன் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவெல்லாம் ஓடி வந்து, அதுங்களைப் பிடிச்சு முழுங்கி, சண்டையில அங்கேயே செத்துப் போச்சுங்க. அதுதான் சீழு” என்றார் டாக்டரம்மா. மும்தாஜ் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என் முழங்கையைத் தொட்டாள். “மெதுவா தொடைங்க ஆயாம்மா, நமக்காகச் சண்டை போட்டதுங்க, அதுங்களைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறது?”

மண் பூசிய முகம்

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் யாரும் கிளினிக்குக்கு வர மாட்டார்கள். வேப்பிலையும் இளநீருமாக வீட்டோடு இருந்துவிடுவார்கள். அப்படியும் தப்பித் தவறி யாராவது உடம்பில் புள்ளியோடு வந்தால், நான் பின்பக்கம் போய்க் கை கழுவ ஆரம்பித்துவிடுவேன். ஸ்டெல்லாவுக்குக் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தபோதே வந்து போய்விட்டது. அதனால் அவள் தைரியமாகப் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாடு ஆறு வருஷமும் நன்றாகத்தான் ஓடியது.

வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற தேவகி தன் நாலு வயதுப் பெண்ணைக் காய்ச்சல் என்று தூக்கி வந்தாள். குழந்தையின் முகம், கழுத்து, கையெல்லாம் வெள்ளை மண் காய்ந்து அப்பியிருந்தது. பேட்டையில் இருக்கிற பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். எனக்கு அழுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஈரத்துணியை எடுத்து வந்து, மடியில் உட்கார வைத்து, நெற்றியிலிருந்து நன்றாகத் துடைத்தேன். குழந்தைக்குக் கூச்சம். கெக்கே என்று சிரித்து, என் முகத்துக்கு நேராக இரண்டு தும்மல் போட்டது. துணியை எடுத்துப் பார்க்கிறேன், மண்ணுக்கு அடியில் நெற்றி முழுக்க முத்து முத்தாக நீர் கோத்த கொப்புளம்.

தேவகி, “வேர்க்குருன்னு நெனைச்சு பட்டறை மண்ணைக் கொழைச்சுப் பூசினேங்க, குளுமையா இருக்குமில்ல” என்றாள். கோடைக்கு நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான். குழந்தையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தேன். கவிதா, கவிதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தேவகி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னாள்: “ஆத்தா மொகத்தையே தொடைச்சு விட்ட கையி, உங்களுக்கு என்னக்கா கொறை வந்துடப் போவுது.”

பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை

டாக்டரம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை உண்டாகியிருக்கிறவளுக்கு அம்மை வந்தால் தாய்க்கும் கஷ்டம், வயிற்றில் இருப்பதற்கும் கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு, “கவிதாவுக்குச் சின்ன வயசுல வந்திருக்குதா? வந்திருந்தா பயமே இல்லை. ஒரு தடவை சண்டை போட்டு ஜெயிச்ச கிருமியை ஒடம்பு லேசுல மறக்காது. மறுபடி அது வந்தா பரவ விடாம பிடிச்சுடும்” என்றார்.

“வந்துச்சுங்க” என்றேன். உடனே, “வந்தது மூத்தவளுக்கோ?” என்றேன்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சுமதி, இளையவள் கவிதா. ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பாவாடை தைப்பேன். அதில் ஒருத்திக்கு அம்மை போட்டது. மற்றவளை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நல்லூரில் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பாயில் விரித்த வெள்ளை வேட்டி, வாசலில் சொருகிய வேப்பிலை, மூன்றாம் தண்ணீர் ஊற்றின வெள்ளிக்கிழமை, எல்லாம் கண்ணில் நிற்கிறது. பாயில் படுத்திருந்தது யார் என்பது மட்டும் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அம்மை இறங்கியிருக்கும்போது பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ‘தாயே’ என்றுதான் கூப்பிடுவோம். ‘தாயே, சொறியாத. தாயே, கொஞ்சம் மோர் குடி.’ இப்படியே பதினைந்து நாள் கூப்பிட்டதால், நினைத்துப் பார்த்தால் காதில் தாயே என்றுதான் கேட்கிறது. பிள்ளையின் பெயர் எங்கேயும் கேட்கவில்லை.

சுமதி பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறாள். ஓடிப் போய்க் கேட்டேன். “எனக்குத்தாம்மா. தெனம் ஒரு இளநீ குடிச்சேனே, ஞாபகம் இல்லியா?” என்றாள். கவிதாவுக்குப் போன் போட்டால், “எனக்குத்தாம்மா. வேப்பிலையால நீ தடவிக் குடுத்தது அப்படியே நெனப்புல இருக்குது” என்றாள். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “ரெண்டுல ஒண்ணுக்கு வந்துச்சு” என்றார். கடைசியில் நல்லூர் நாத்தனாருக்கே போன் போட்டு, அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தது எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவளுக்கு அப்போதே சொந்தப் பிள்ளைகள் ஐந்து. “வந்தது பொட்டப்புள்ள, பொழுதுக்கும் அழுதுச்சு, இதுக்கு மேல என்ன அடையாளம் சொல்லச் சொல்ற அண்ணி?”

புளியமரம் வரைக்கும்

விஷயம் கம்மாபுரத்துக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மா போனில், “உங்க பக்கம் அம்மை நடமாடுதாமே. பிரசவத்தை இங்கயே வெச்சுக்கலாம். வளையலை மட்டும் போட்டுட்டுப் போங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வராமல் இருந்தால் என் மனசு ஆறாது. டாக்டரம்மா, “ஏன் தவிக்கறீங்க? உங்க யாருக்கும் ஞாபகம் இல்லைன்னா கவிதா ரத்தத்தையே கேட்டுடுவோம்” என்றார். அம்மையோடு சண்டை போட்ட உடம்பில் அதற்கான சத்து ரத்தத்தில் நிற்குமாம். சென்னைக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்.

ஸ்டெல்லா ஐஸ் டப்பாவோடு மொபெட்டில் கிளம்பினாள். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் கம்மாபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. அதற்கு மேல் நான் ஒரு அடி வைக்கவில்லை. குழந்தையைத் தொட்டவள் நான், எதற்கு வம்பு என்று அங்கேயே நின்றேன். ஸ்டெல்லா உள்ளே போனாள். கவிதா வாசலுக்கு வந்தாள். வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது. “ஏம்மா அங்கயே நிக்கற?” என்றாள். “இங்கேர்ந்தே நல்லாத் தெரியுதுடி” என்றேன். எனக்குக் கண் கலங்கியதால் ஒன்றும் தெரியவில்லை.

சம்பந்தியம்மாவுக்குக் கோபம். “உள்ள வராத அளவுக்கு எங்க வூட்டுல என்ன நோயா இருக்குது?” என்றார். “நோய் உங்க வூட்டுல இல்லீங்க, எங்கிட்ட இருக்குமோன்னுதான்” என்று கத்தினேன். சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து, பாதி தூரத்தில் இருந்த கல்லின் மேல் வைத்துவிட்டு, விறுவிறு என்று திரும்பிப் போய்க் கதவுக்குள் நின்று சொன்னார்: “குடிச்சுட்டு டம்ளரையும் எடுத்துக்கிட்டே போயிடுங்க சம்பந்தி, திருப்பித் தர வேணாம்.”

ரத்தம் சொன்னது

நாலு நாள். அந்த நாலு நாளும் நான் யார் உதைத்ததையும் உணரவில்லை. ஒரு குழந்தைக்குப் பதிலாக அதன் அப்பாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஐந்தாம் நாள் காகிதம் வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாயில படுத்திருந்தது கவிதாதான்” என்றார். நான் நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். டோக்கனோடு இருந்தவர்கள், எனக்கு ஏதோ தீராத வியாதி என்று நினைத்து, எல்லோரும் எழுந்து தள்ளி நின்றார்கள். ஒரு அம்மா மட்டும், “எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்டி” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சுமதிக்குத்தான் முகம் வாடிவிட்டது. அவளுக்கு வந்ததில்லை என்றால், இனிமேல் அம்மை இருக்கிற பக்கமே அவள் தலை வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பட்டறையில் அவளோடு வர்ணம் அடிக்கிற பெண்கள் முன்னால் வைத்தே என்னைக் கேட்டாள்: “அப்போ அந்த இளநீயெல்லாம் அத்தை வூட்டுல அழுகையை நிறுத்தக் குடுத்ததா, நான் இத்தனை வருஷமா ஆத்தா எறங்கின புள்ளைன்னு பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேனே.”

டோக்கன்

வளைகாப்பு ஜாம் ஜாம் என்று நடந்தது. கவிதாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். இந்தத் தடவை நான் புளியமரத்தைத் தாண்டி நேராக உள்ளே போனேன். சம்பந்தியம்மாவே என் இலையில் இரண்டாவது கரண்டி புளிசாதம் வைத்தார். அன்று சாயங்காலமே கவிதாவைக் கூட்டிக்கொண்டு காரில் வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் எனக்கு இடுப்பு வலி, காய்ச்சல். கார் குலுக்கலில் வந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கழுத்தில் இரண்டு புள்ளி. கொசு என்றேன். மத்தியானம் வயிற்றில் எட்டு. கவிதா என் புடவைத் தலைப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, நேராகப் போய் வாசலில் வேப்பிலை சொருகினாள். டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். நிலைப்படியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். “ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டோம். உங்களுக்கு வந்திருக்குதான்னு நானும் கேக்கலை, நீங்களும் யோசிக்கலையே அஞ்சலை.” நிஜமாகவே யோசிக்கவில்லை. அன்றைக்குக் கவிதாவின் பாய்க்குப் பக்கத்திலேயே பதினைந்து நாள் இருந்தும் எப்படியோ தப்பியவள் நான். தேவகியின் குழந்தை என் முகத்தில் தும்மியபோதுகூட, அது என் வழியாகக் கவிதாவுக்குப் போகும் என்றுதான் பயந்தேனே தவிர, நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது தோன்றவே இல்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்து, காற்றோட்டமாகப் படுக்கச் சொல்லிவிட்டு, யார் கூட இருப்பது என்று டாக்டரம்மா கேட்டார். சுமதி வரக் கூடாது. அவள் தெருமுனை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, “அம்மா, இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது” என்று கத்தினாள். என் வீட்டுக்காரருக்கு வந்து போயிருக்கிறது. ஆனால் அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. பயமில்லாமல் என் பக்கத்தில் உட்காரக் கூடியவள் வீட்டில் ஒரே ஒருத்திதான். யாரை இந்த நோயிடமிருந்து காப்பாற்ற நாலு சோப்பு தேய்த்தேனோ, யாருக்காகப் புளியமரத்தடியில் நின்றேனோ, அவள். “அவ தாராளமா பாத்துக்கலாம். அவ ரத்தமே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குது” என்றார் டாக்டரம்மா.

கவிதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளையல் சத்தத்தோடு வேப்பிலையால் முதுகில் தடவிக் கொடுத்தாள். எனக்கு அரிப்பு தாங்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவள் வெடுக்கென்று பிடித்தாள். “தாயே, கையை எடு. சொறியக் கூடாது” என்றாள். என்னைத்தான் சொன்னாள். மோர் கொடுத்தாள். கம்மாபுரத்து எவர்சில்வர் டம்ளர் அது. உள்ளே இருந்த பேரப்பிள்ளை ஒரு உதை விட்டிருக்க வேண்டும், அவள் சிரித்துக்கொண்டு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அந்த உதையையும் நான்தான் வாங்கினேன். இது வரைக்கும் வாங்கியதிலேயே அதுதான் சுகமான உதை.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். உள்ளே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் கொப்புளமாகக் கிடந்த என்னைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “ஆறு வருஷமா பின்பக்கம் ஓடி ஓடி ஒளிஞ்சீங்களேக்கா, அது டோக்கன் வாங்கிக்கிட்டு முன்பக்க பெஞ்சிலயே உக்காந்திருந்துச்சு பாத்தீங்களா?”

ஆனியில் பேத்தி பிறந்த பிறகு, யாருக்கு எப்போது என்ன வந்தது என்று பெயர் போட்டு எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன், பிள்ளைகளுக்கென்று வாங்கிய அந்த நோட்டில் முதல் வரியில் இருப்பது மட்டும் நாற்பத்தெட்டு வயது ஆயா ஒருத்தி.